கண்டி மீண்டும் கிண்ணம் தூக்குமா?

கேள்வி: லங்கா பிரீமியர் லீக்கில் நம் மலையகத்து அணியான கண்டி, இனியும் சம்பியன் ஆகுமா? ஹசரங்கவை விட்டால் அங்கே யார் இருக்கிறார்கள்? – வாசகர், ஹட்டன்

பதில்: ஆகலாம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. 2023இல் வனிந்து ஹசரங்க 279 ஓட்டங்களும் 19 விக்கெட்டுகளும் எடுத்தார். இரண்டு பட்டியலிலும் அவரே முதலிடம். அவர் இல்லாமல் கண்டி இறுதிப் போட்டிக்கு வந்திருக்காது என்பது சரி. இறுதிப் போட்டியிலோ காயத்தால் அவர் ஆடவேயில்லை. அஞ்சலோ மத்யூஸ் தலைமையில், தம்புள்ளையின் 147 ஓட்டங்களை ஒரு பந்து மீதமிருக்க 5 விக்கெட்டுகளால் துரத்திப் பிடித்தார்கள். நட்சத்திரம் வாசல்வரை கூட்டிவந்தது. உள்ளே நுழைந்தது மற்றவர்களின் நிதானம்.

'ஐந்து அணிகளில் நான்கு அடுத்த சுற்றுக்குப் போகும் தொடரில் இதெல்லாம் ஒரு பெருமையா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் புள்ளிப் பட்டியலை நான் பெரிதாக எடுப்பதில்லை. கடைசி ஓவர்களையே பார்க்கிறேன். 2024இல் இரண்டாவது தகுதிகாண் போட்டியில் யாழ்ப்பாணத்திடம் கண்டி தோற்றது ஒரேயொரு ஓட்டத்தால். அவ்வளவு நெருங்கிய அணியைத் தகுதியற்றது என்று ஒதுக்க முடியாது. என் கவலை வேறு: டஸ்கர்ஸ், வாரியர்ஸ், ஃபால்கன்ஸ், பி-லவ் என்று பெயரே நிலைக்கவில்லை. யாழ்ப்பாணம் முதல் ஐந்து தொடர்களில் நான்கை வென்றதற்கு, ஆண்டுதோறும் கலைக்காமல் வைத்திருந்த உள்ளூர் வீரர்களுக்கும் பங்குண்டு. கண்டியும் மத்திய வரிசைத் துடுப்பாட்டத்தை அப்படிக் கட்டிக்காத்தால், யாழ்ப்பாணத்துக்கு அடுத்து நான் சொல்லும் பெயர் அதுதான்.