சுடாத மண்கல்லால் சுவர் கட்டலாமா?

ஊர் திரும்பி வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது சீமெந்துக் கல்லின் விலையைத்தான். வீட்டுத் திட்டப் பணம் சுவர் எழும்பும்போதே முடிந்து, கூரைக்குக் கடன்படும் நிலை பலருக்கு வந்துவிடுகிறது. ஆகவே சுவருக்கு வேறொரு வழியும் இருப்பதை அறிந்து வைத்திருங்கள். அது அழுத்திய மண்கல்.

"இவ்வளவு காலம் தறப்பாளுக்குள் இருந்துவிட்டு, திரும்பவும் மண்வீடா?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் யேமன் நாட்டின் ஷிபாம் நகரில் வெயிலில் காய்ந்த மண்கல்லால் கட்டிய பல மாடி வீடுகளில் மக்கள் நூற்றாண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். அந்நகர் 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மழை குறைவு. நமது மார்கழி மழைக்குப் பச்சை மண் தாங்காது. அதனால்தான் இங்கே மண்ணுடன் சிறிதளவு சீமெந்து கலந்து இயந்திரத்தில் அழுத்துகிறோம். இதற்கான கை இயந்திரம் 1950களில் கொலம்பியாவில் உருவானது. இந்தியாவின் ஆரோவில்லில் இம்முறையில் மாடி வீடுகளும் கட்டியிருக்கிறார்கள்.

எல்லா மண்ணும் இதற்கு உதவாது. மேல்மண்ணை ஓர் அடி ஆழத்துக்கு நீக்கி, தோட்டத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அதன் கீழுள்ள மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியிலும் களி மேலேயும் படியும். மணலும் பருக்கையும் பாதிக்கு மேல் இருந்தால் நல்லது. வயல் களிமண் காயும்போது வெடிக்கும். அதற்கு மணல் சேர்க்க வேண்டும்.

மண் எடுக்கும் இடம் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய மண் அணைகளும் பதுங்குகுழி மேடுகளும் வெட்டுவதற்கு இலகுவாகத் தோன்றும். அங்கே ஒருபோதும் மண்வெட்டி வைக்காதீர்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியில் மட்டும் தோண்டுங்கள். சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

1,000 கிலோ மண்ணுக்கு 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று போதும். ஒரு கல் 10 கிலோ என்றால் ஒரு பைக்கு ஏறத்தாழ 100 கல் கிடைக்கும். முதலில் உலர்வாகக் கலந்து, பிறகு தண்ணீரைத் தெளியுங்கள், ஊற்ற வேண்டாம். கலவையில் ஒரு பிடியை உருண்டையாக்கித் தோள் உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. தூளானால் ஈரம் போதாது. உடையாமல் கிடந்தால் ஈரம் அதிகம். நனைத்த கலவையை அரை மணி நேரத்துக்குள் அழுத்தி முடித்துவிடுங்கள்.

பலர் அவசரப்படுவது இதற்குப் பிறகுதான். கல்லை வெயிலில் காயவிடக் கூடாது. முதல் இரண்டு நாளும் பொலித்தீனால் மூடி, அதன்பின் நிழலில் வைத்து 28 நாள்வரை தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். விறகு தேவையில்லை, சூளை தேவையில்லை, பொறுமைதான் தேவை. ஆறிய கல்லொன்றை ஓர் இரவு தண்ணீரில் போட்டுப் பாருங்கள். விளிம்பு கரைந்தால் அந்தக் கலவையில் செய்த கற்களைச் சுவருக்கு எடுக்காதீர்கள்.

அத்திவாரத்தைக் கருங்கல்லால் கட்டி, வெள்ளம் நிற்கும் மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். தாவாரம் இரண்டு அடியாவது வெளியே நீளட்டும்.

செங்கல் கிடைக்கும் இடத்தில் வேறொரு முறையும் உண்டு. கேரளத்தில் லோரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். கல் ஏறத்தாழ கால்வாசி மிச்சமாகும்; வீட்டினுள் வெக்கையும் குறையும். அடிவரி, மேல்வரி, கதவு யன்னல் ஓரங்கள் ஆகியவற்றை மட்டும் வெற்றிடமின்றிக் கட்ட வேண்டும். மேசனுக்குப் பழக்கமில்லையென்றால் முதலில் சிறிய மதில் ஒன்றைக் கட்டச் சொல்லிப் பாருங்கள்.

உதவிப் பணம் கட்டம் கட்டமாகவே வழங்கப்படுகிறது. எனவே எந்த முறையைத் தெரிவு செய்தாலும், மண் வெட்டுவதற்கு முன்பே உங்கள் பகுதித் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் காட்டி, அந்தக் கல்லை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.