மாரிக்குப்பம் வண்டியும் ஆளுகைக் கொள்கைகளும்

தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் விடியுமுன்னரே மாரிக்குப்பத்தில் வண்டி ஏறுகின்றனர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது முதல் என் தந்தையும் அவர்களுள் ஒருவர். அரசியல் வகுப்பில் ஆளுகைக் கொள்கைகளைக் கற்றபோது எனக்கு அந்த வண்டியே நினைவுக்கு வந்தது.

மேலிருந்து இறங்கும் ஆணை, வரையறுத்த பொறுப்பு, எழுதிவைத்த விதி ஆகியவை நிருவாகத்தின் இலக்கணம் என்றார் மாக்சு வெபர். எங்கள் ஊரே அதற்குச் சான்று. 1880 முதல் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி வேலையோடு லைன் வீட்டையும் மருத்துவமனையையும் கொடுத்தது. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894-இல் இருப்புப்பாதை வந்தது. ஆயினும் தொழிலாளி சுரங்கவாயிலுக்கு நடந்தே போனான். 1956-இல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் மாறிற்று. கை மாறியதேயொழிய, குறை சொல்லப் போகவேண்டிய வாசல் ஒன்றாகவே இருந்தது. அவ்வாசல் திறந்ததா என்பது வேறு கதை!

போட்டியே பொதுப்பணியைச் சீராக்கும் என்பது மற்றொரு கொள்கை. ஆள் நிறைந்தாலன்றிப் புறப்படாத வேனில் காத்திருந்தவருக்கு அதனை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதே ஆராயத்தக்கது. பெருநகரில் அதிகார மையங்கள் பல இருப்பது குழப்பமாகிவிடாது, அவை தமக்குள் ஒத்துழைத்தால் ஓர் ஒழுங்காகவே இயங்கும் என்று 1961-இல் வின்சென்ட் ஆஸ்ட்ரமும் வேறிருவரும் எழுதினர். பெங்களூர் மெட்ரோவை மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதியாகச் சேர்ந்தே அமைத்தன. 2023 அக்டோபரில் ஊதாப் பாதை ஒயிட்பீல்டு வரை முழுமை பெற்றது. இப்போது என் தந்தை அங்கே இறங்கி மெட்ரோ ஏறுகிறார். நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் புகைவண்டி ரயில்வேயுடையது; மெட்ரோ கூட்டுக் கம்பெனியுடையது; பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. ஒவ்வொன்றுக்கும் தலைவர் உண்டு. ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றைப் பிடிக்கும் இடைவெளிக்குத் தலைவர் இல்லை. இவற்றை ஒருங்கிணைக்கப் பெருநகரப் போக்குவரத்து ஆணைய மசோதாவை 2022 டிசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றியது. அது பெங்களூரை நோக்கியது. நாங்களோ கோலார் மாவட்டத்தார்.

ஆஸ்ட்ரம் கூட்டத்தார் கொள்கையில் நான் காணும் குறை இதுவே. மையங்கள் பலவாயிருப்பதன்று குற்றம். யாரைக் குடிமக்களாக எண்ணுகிறோம் என்பதே கேள்வி. பெங்களூரில் பகலெல்லாம் உழைப்பவருக்கு அந்நகராட்சியில் வாக்கில்லை. அங்கே குடியேற வாடகைக்கு வழியுமில்லை.

வண்டி அரைமணி பிந்தினால் என் தந்தைக்கு அரைநாள் கூலி போகும். சென்ற மாதம் அப்படிப் போயிற்று. எந்த அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதலாம் என்று அவரைக் கேட்டேன். "படிக்கிறவன் நீதானேப்பா, நீயே சொல்லு" என்றார்.