ஒரே எண், இரண்டு சட்டை

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். புதிய பையர் ஒவ்வொரு பீஸிலும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் கேட்கிறார். எண் எஸ்.ஜி.டி.ஐ.என்-96 முறையில்தான் இருக்க வேண்டுமாம். எங்களிடம் ஏற்கெனவே 00 என்று தொடங்கும் 12 இலக்க ஸ்டாக் எண், பீஸுக்கு ஒன்றாக இருக்கிறது. அதையே டேக்கில் ஏற்றினால் என்ன?

பதில்: உங்கள் குடோனுக்குள் ஒன்றும் ஆகாது. சரக்கு கேட்டைத் தாண்டிய பிறகுதான் சிக்கல்.

பார்கோடில் ஒரே ஸ்டைல், நிறம், அளவு கொண்ட ஆயிரம் சட்டைக்கும் ஒரே எண்தான். ஆனாலும் குழப்பம் வருவதில்லை. ஸ்கேன் செய்பவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். எண்ணுவது அவர் கை. ஆர்.எஃப்.ஐ.டி.யில் அந்தக் கை கிடையாது. மூடிய பெட்டி கடந்து போகும்போதே ரீடர் உள்ளிருக்கும் டேக்குகளைப் படிக்கிறது. ஒரே டேக்கைப் பலமுறையும் படிக்கிறது. ஏற்கெனவே வந்த எண் திரும்ப வந்தால் கணக்கில் சேர்க்காது. ஆகவே இரண்டு சட்டையில் ஒரே எண் இருந்தால் அதற்கு அது ஒரே சட்டை. பெட்டியில் 48 பீஸ் சரியாக இருந்தும் பையர் கணக்கில் 47தான் ஏறும். பையரின் குடோனில் பல நாட்டுச் சரக்கு சேர்கிறது. உங்களைப் போலவே 00 என்று எண் போடும் இன்னொருவர் அங்கே இருக்கலாம்.

இதைத் தடுக்கத்தான் அந்த 96 பிட் அமைப்பு. முதல் 8 பிட் இது எந்த வகை எண் என்று சொல்லும். அடுத்த 6 பிட், இது கடையில் விற்கும் பொருளா, பெட்டியா என்பதையும், நிறுவன எண் எத்தனை இலக்கம் என்பதையும் சொல்லும். அதன்பின் 44 பிட்டில் பார்கோடிலுள்ள அதே நிறுவன எண்ணும் பொருள் எண்ணும், கடைசிச் சரிபார்ப்பு இலக்கம் நீங்கலாக. மீதி 38 பிட் தொடர் எண். ஒரே ஸ்டைல், ஒரே நிறம், ஒரே அளவுக்கு மட்டுமே 27,000 கோடிக்கும் மேல் எண்கள் கிடைக்கும். நிறுவன எண்ணை ஜி.எஸ்.1 அமைப்பு வழங்குவதால் ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குப் போகாது. ஜி.எஸ்.1 இந்தியா தரும் எண்கள் 890 என்று தொடங்கும்.

உங்கள் எண்ணில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. 12 எழுத்து என்றால் சரியாக 96 பிட். '0' என்ற எழுத்தின் ஆஸ்கி குறியீடு ஹெக்ஸாடெசிமலில் 30. எஸ்.ஜி.டி.ஐ.என்-96இன் முதல் 8 பிட்டும் அதே 30! இரண்டாவது எழுத்தும் 0 என்பதால் அடுத்த 6 பிட்டும் அச்சாகப் பொருந்திவிடுகிறது: கடையில் விற்கும் பொருள், 8 இலக்க நிறுவன எண். எண்ணை எழுத்தாக ஏற்றினால் ரீடர் சந்தேகமே படாமல், உங்கள் சட்டையை வேறொரு நிறுவனத்தின் பொருளாகப் படித்துவிடக்கூடும்.

பையரிடம் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: டேக்கில் யாருடைய நிறுவன எண், தொடர் எண்ணைக் கொடுப்பது யார். பிராண்டுக்குத் தைக்கும்போது பெரும்பாலும் அவர்கள் எண்தான் வரும். இரண்டு இடத்தில் டேக் அச்சிட்டால் தொடர் எண்களை முன்பே பங்கு பிரித்துக் கொடுங்கள். இவருக்கும் 1, அவருக்கும் 1 என்று தொடங்கினால் மறுபடி அதே இரட்டை எண்தான். சேதமான டேக்குக்கு மாற்று ஒட்டும்போது பழையதை வெட்டிப் போடச் சொல்லுங்கள். பெட்டியில் கிடந்தால் அதுவும் ஒரு சட்டையாகக் கணக்கில் ஏறிவிடும்.