சங்கக் கணக்கின் திறப்பு யார் கையில்?

கேள்வி: மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர், கடன் விபரங்கள் அக்சஸ் கோப்பில் உள்ளன. எழுதுவினைஞர் புதிய பதிவு மட்டும் போடவும், பொருளாளர் மட்டும் திருத்தவும் வழி உண்டா?
— வாசகர், கல்லடி

பதில்: பழைய எம்டிபி கோப்பென்றால் உண்டு. உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள். பொறுப்பாளர் மாறும்போது குழுவில் பெயரை மாற்றினால் போதும். ‘யூசர்ஸ்’ என்ற பொதுக் குழுவின் உரிமைகளைக் கட்டாயம் நீக்குங்கள். எல்லோரும் அதில் அடங்குவதால், அதை விட்டுவைத்தால் மற்றக் கட்டுப்பாடெல்லாம் வீண்.

அக்சஸ் 2007 உடன் வந்த ஏசிசிடிபி வடிவத்தில் இந்த வசதியே இல்லை. கோப்புக்கு ஒரே கடவுச்சொல்தான். அது தெரிந்தவர் எதையும் மாற்றலாம். படிவத்தில் பொத்தானை மறைப்பதும் பாதுகாப்பாகாது. ஆகவே அட்டவணைகளை இலவசமான போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள். படிவங்கள் அக்சஸிலேயே இருக்கட்டும். அந்தத் தரவுத்தளத்தில் பார்க்க, சேர்க்க, திருத்த, அழிக்க எனத் தனித்தனியே உரிமை வழங்கலாம்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. அடையாள அட்டை இலக்கமும் கடன் நிலுவையும் அங்கத்தவர்கள் உங்களை நம்பித் தந்தவை. அவற்றைக் காப்பது சங்கத்தின் கடமை.