விராலடிப்பானோடு பறக்கலாம், வாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு, படம், இ-மெயில் என்று சில வாரங்கள் ஓடிவிடும். அதன்பின், "இதில் வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி எழும். ஒரு பறவையைப் பின்தொடர்ந்து இரண்டு கண்டங்களைக் கடந்து பார்க்கலாமா? இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. இன்டர்நெட் இணைப்பும், கூகுள் எர்த் புரோ என்ற புரோகிராமும் போதும். இந்தப் புரோகிராம் 2015 ஜனவரியிலிருந்து கட்டணமின்றிக் கிடைக்கிறது.

நாம் பின்தொடரப் போவது விராலடிப்பான். ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே என்பார்கள். மீன் பிடித்து வாழும் இந்த வேட்டைப் பறவை குளிர்காலத்தில் நம் ஊர் ஏரிகளுக்கும் கடலோரங்களுக்கும் வருவதுண்டு. ஆனால் பயணம் மிக விரிவாகப் பதிவு செய்யப்பட்டவற்றுள் பிரிட்டனின் பறவைகளும் அடங்கும் என்பதால், அவற்றையே உதாரணமாக எடுத்துக் கொள்வோம்.

வேட்டையாலும் முட்டைத் திருட்டாலும் 1916 வாக்கில் பிரிட்டனில் விராலடிப்பான் கூடு கட்டுவது நின்று போனது. 1954-இல் ஸ்காட்லாந்தில் மீண்டும் ஒரு ஜோடி வந்து கூடு கட்டியது. இங்கிலாந்தில் ரட்லண்ட் வாட்டர் என்ற நீர்த்தேக்கத்துக்கு 1996 முதல் ஸ்காட்லாந்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். 2001-இல் அங்கே முதல் குஞ்சு பொரிந்தது. இவ்வளவு பாடுபட்டு மீட்ட பறவை, இலையுதிர் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டு விடுகிறது. வழியில் அதற்கு என்ன ஆகிறது என்று அறியவே முதுகில் கருவி பொருத்துகிறார்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

பறவையின் எடை சுமார் ஒன்றரை கிலோ. கருவியின் எடை சுமார் 30 கிராம். மேலே சின்ன சோலார் பேனல் இருக்கும். தகவல் வந்து சேர மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, 1978-இல் தொடங்கிய ஆர்கோஸ் செயற்கைக்கோள் அமைப்பு. ரயில் நெருங்கும்போது ஹாரன் ஒலி கூர்மையாகவும், கடந்து போனபின் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதேபோல, மேலே கடந்து செல்லும் செயற்கைக்கோளுக்குக் கருவியின் அலைவரிசை மாறித் தெரியும். அந்த மாற்றத்திலிருந்து பறவையின் இடத்தைக் கணக்கிடுவார்கள். இதில் சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரை பிழை வரலாம். இரண்டாவது வழியில், கருவியே ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தைக் கண்டறிந்து ஆர்கோஸ் வழியாக அனுப்பும். பிழை சில மீட்டர்கள்தான். மூன்றாவது வழியில், ஜி.பி.எஸ். இடங்களைச் சேமித்து வைத்து, செல்போன் டவர் கிடைக்கும்போது மொத்தமாக அனுப்பும்.

செய்து பார்ப்போம்

1. பிரவுசரில் மூவ்பேங்க் டாட் ஆர்க் என்ற இணையதளத்தைத் திறக்கவும். ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனம் நடத்தும், விலங்குகளின் பயணப் பதிவுகளுக்கான தகவல் களஞ்சியம் இது.

2. அதிலுள்ள வரைபடப் பக்கத்தின் தேடல் கட்டத்தில் விராலடிப்பானின் அறிவியல் பெயரான 'பாண்டியான் ஹாலியேட்டஸ்' என்பதை ஆங்கில எழுத்துக்களில் தரவும். பல நாட்டு ஆய்வுகளின் பட்டியல் கிடைக்கும்.

3. அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட ஆய்வு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நிபந்தனைகளைப் படித்து ஏற்றுக்கொண்டு டவுன்லோட் செய்யவும். கூகுள் எர்த்துக்கு கே.எம்.இசட். பைல், எக்ஸெல்லுக்கு சி.எஸ்.வி. பைல் என இரண்டையும் எடுத்துக் கொள்ளுங்கள்.

4. கே.எம்.இசட். பைலில் டபுள் கிளிக் செய்தால் கூகுள் எர்த் திறந்து பயணப் பாதையைக் காட்டும். பைலில் நேரமும் இருந்தால் மேலே ஒரு நழுவு பட்டை தோன்றும். அதை மவுஸால் இழுக்க இழுக்கப் பறவை நகரும்.

5. சி.எஸ்.வி. பைலை எக்ஸெல்லில் திறக்கவும். ஒவ்வொரு வரிசையும் ஒரு புள்ளி. நேரம், தீர்க்கரேகை, அட்சரேகை ஆகிய மூன்று நெடுவரிசைகளே நமக்கு வேண்டியவை. தீர்க்கரேகை முதலில் வருவதைக் கவனியுங்கள். மைனஸ் குறி இருந்தால் கிரீன்விச்சுக்கு மேற்கே என்று பொருள். நேரம் யு.டி.சி. கணக்கில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இந்திய நேரம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. பறவை நேர் தெற்கே பறப்பதாக வைத்துக் கொள்வோம். காலை 10 மணிக்கு அட்சரேகை 30.00, பகல் 1 மணிக்கு 28.92. வித்தியாசம் 1.08. ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், பறந்த தூரம் சுமார் 120 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம்!

கோட்டை அப்படியே நம்ப வேண்டாம்

புள்ளிகள் மட்டுமே பறவை தந்தவை. அவற்றை இணைக்கும் கோடு கம்ப்யூட்டர் போட்டது. இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஆறு மணி நேரம் இருந்தால், கோடு கடலின் குறுக்கே நேராகப் போகும். பறவையோ கரையோரமாகச் சுற்றிப் போயிருக்கலாம். எனவே எந்தக் கோட்டைப் பார்த்தாலும், அதன் இருமுனைகளிலும் உள்ள நேரத்தை முதலில் பாருங்கள்.

புள்ளி நின்றுவிட்டால்?

இதுதான் பார்ப்பவர் மனதைப் பதற வைக்கும் கட்டம். குறிப்பாக இளம் பறவைகளின் விஷயத்தில். அவற்றுக்கு வழிகாட்ட யாரும் இல்லை. தாய் முன்னதாகவே புறப்பட்டு விடுகிறது. குஞ்சு தன் முதல் பயணத்தைத் தனியாகவே செய்கிறது. காற்றில் விலகி அட்லாண்டிக் கடலுக்கு மேல் போய்த் திரும்பாத இளம் பறவைகளும் உண்டு.

மென்பொருள் துறையில் லாக் பைல்களைப் படிப்பது என் அன்றாட வேலை. அங்கே நான் கற்ற பாடம், 'தகவல் வரவில்லை' என்பதும் 'இயங்கவில்லை' என்பதும் ஒன்றல்ல என்பதே. இங்கும் அப்படித்தான். சகாரா பாலைவனத்தில் செல்போன் டவர் இல்லாத இடத்தில் பறவை இருந்தால் பல நாட்கள் மௌனமாக இருக்கும். பிறகு எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து வந்து கொட்டும். மேகமூட்டத்தாலோ, இறகு மூடியதாலோ பேட்டரி இறங்கியிருக்கலாம். மாறாக, புள்ளிகள் வந்துகொண்டே இருந்தும், இரவு பகல் பாராமல் பல நாட்கள் ஒரே இடத்தில் அசையாமல் இருந்தால் கவலைப்பட வேண்டும். பறவை இறந்திருக்கலாம், அல்லது கருவி கழன்று விழுந்திருக்கலாம். உயிருள்ள பறவை, ஓரிடத்தில் தங்கினாலும், உறங்கும் மரத்துக்கும் மீன் பிடிக்கும் நீர்நிலைக்கும் போய்வரும்.

நல்ல செய்திகளும் உண்டு. 2013-இல் கருவி பொருத்தப்பட்ட, 30 என்ற எண் வளையமிட்ட ரட்லண்ட் பெண் பறவை, குளிர்காலம்தோறும் செனகல் கடற்கரையின் அதே பகுதிக்கே திரும்பச் சென்றது. இந்தத் துல்லியம் வெளிப்பட்டதால், கூட்டை மட்டும் காத்தால் போதாது, அந்தக் கடற்கரையையும் காக்க வேண்டும் என்பது தெளிவானது.

சில ஆய்வுகளில் கூடு இருக்கும் இடத்தை மறைத்திருப்பார்கள், அல்லது டவுன்லோட் செய்ய அனுமதிக்க மாட்டார்கள். முட்டைத் திருடர்களுக்கு வழிகாட்டிவிடக் கூடாதே என்ற எச்சரிக்கையும் அதற்கு ஒரு காரணம். கிடைத்த கூடுகளின் இடத்தை நீங்களும் பிறருக்குப் பரப்ப வேண்டாம்.

பிரிட்டனின் பறவைகள் ஆகஸ்ட், செப்டம்பரில் தெற்கே செல்லும். மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பும். நீங்கள் எடுத்த பைலில் ஒரே பறவையின் இந்த இரண்டு பயணங்களையும் பிரித்தெடுத்து, எது விரைவாக முடிந்தது என்று எக்ஸெல்லில் கணக்கிட்டுப் பாருங்கள். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். ஒரே மாலையில் புவியியலும் எக்ஸெல்லும் சேர்ந்தே வந்துவிடும்.