எலிக்காய்ச்சல்: இடத்துக்கேற்பக் குணம் மாறும் கிருமி

ஊரை விட்டு வந்து, கிடைத்த நிலத்தில் மண்வெட்டி பிடிக்கும் நமக்கு மண் புதிது, தண்ணீர் புதிது. புசல்லாவைப் பக்கத்து மரக்கறித் தோட்டமானாலும், கம்பளைப் பக்கத்து வயலானாலும், கான் வெட்டும் வேலையானாலும் ஈரத்தில்தான் நிற்கிறோம். அந்த ஈரத்தில் இருக்கும் ஒரு கிருமியைப் பற்றியதே இந்தப் பாடம்.

2008ஆம் ஆண்டில் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருவாரியாகப் பரவியது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன. 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சலும் எலிக்காய்ச்சலே எனப் பரிசோதனையில் தெரிந்தது.

கிருமியின் வீடு எது?

இதன் பெயர் லெப்டொஸ்பைரா. திருகாணி போலச் சுருண்டது, நுனி வளைந்தது. நுண்ணோக்கியில் கேள்விக்குறி போலத் தெரியும். 1915இல் ஜப்பானில் இனாடா, இடோ என்ற மருத்துவர்கள் இதுவே நோய்க்குக் காரணம் என்று காட்டினர். அங்கே இந்நோயால் அதிகம் வருந்தியவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களும் நம்மைப் போல ஈரத்தில் நின்று உழைத்தவர்களே.

கிருமியின் வீடு எலியின் சிறுநீரகம். அங்கே அது எலிக்குப் பெரிய கெடுதி செய்யாமல் குடியிருந்து, சிறுநீரோடு வெளியே வருகிறது. ஈரமான மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்த மண்ணிலும் கடும் வெயிலிலும் சாகும். கால் வெடிப்பு, கீறல், சேற்றில் ஊறிய தோல், கண், வாய், மூக்கு ஆகியவற்றின் வழியாக நம் உடலுக்குள் நுழைகிறது.

எலியில் அடக்கமாக இருப்பது மனிதனில் ஏன் இப்படிக் கொடுமை செய்கிறது?

இடமறிந்து ஆயுதம் எடுத்தல்

நல்ல விவசாயி எல்லா ஆயுதங்களையும் எந்நேரமும் சுமந்து திரிவதில்லை. களை பிடுங்கும் நாளில் கதிர் அரிவாளுக்கு வேலையில்லை. கிருமியும் அப்படியே. வேண்டாத புரதங்களை உண்டாக்கி அது தன் சக்தியை வீணாக்குவதில்லை.

வயல் நீரில் உப்பு மிகக் குறைவு, குளிர்ச்சியும் உண்டு. நம் இரத்தத்தில் உப்பு அதிகம். சூடு 37 பாகை. இந்த வேறுபாட்டைக் கிருமி உணருகிறது. வளர்ப்பு நீரில் உப்பை உடலின் அளவுக்கு உயர்த்தியதும், 'லிக்' எனப்படும் புரதங்களைக் கிருமி கூடுதலாக உண்டாக்கியதை 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இப்புரதங்கள் கிருமி நம் திசுக்களில் ஒட்டிக்கொள்ள உதவுகின்றன. இரத்தத்திலுள்ள பாதுகாப்புப் பொருட்களின் தாக்குதலைத் தணிக்கவும் உதவுகின்றன. நீரில் சாதுவாக இருந்தது, உடலுக்குள் வந்ததும் ஆயுதம் ஏந்துகிறது.

இன்னொன்று. கிருமியின் வெளிப்பூச்சைச் சுண்டெலியின் உடலிலுள்ள காவல் உணரி சரியாக அடையாளம் காண்கிறது. மனிதனிடமுள்ள அதே வகை உணரி அதைத் தவறவிடுகிறது. ஆகவே நம் உடல் விழிப்பதற்குள் கிருமி பெருகிவிடுகிறது. நம்மைக் கொல்வதால் அதற்கு இலாபமில்லை; மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவுவது மிக அரிது. எலியோடு பழகிய கிருமி வழி தவறி நம்மிடம் வருவதால் வரும் துன்பம் இது.

மாட்டோடு ஒன்றிய உறவினன்

இக்கிருமியின் குடும்பத்தில் ஒரு வகை மாட்டோடு மிகவும் ஒன்றிவிட்டது. நீரில் நெடுநாள் வாழ உதவும் மரபணுக்கள் பலவற்றை அது இழந்துவிட்டதை 2006இல் விஞ்ஞானிகள் கண்டனர். அதனால் அது பெரும்பாலும் மாட்டிலிருந்து மாட்டுக்கே நேராகப் பரவுகிறது. கன்று சிதைவதும் பால் குறைவதும் அதன் அடையாளங்கள். ஆகவே மாட்டின் சிறுநீர் படும் இடத்திலும் வெறுங்காலோடும் புண்ணோடும் நிற்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. சேற்றில் இறங்குமுன் கை, கால் புண்களை நீர் புகாதபடி மூடுங்கள். இயன்றவரை நீண்ட சப்பாத்து அணியுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

2. நெல், மாவு, மீந்த சோறு ஆகியவற்றை மூடி வையுங்கள். லயத்தைச் சுற்றியுள்ள குப்பையை அகற்றுங்கள். அடைபட்ட கானைத் திறந்து விடுங்கள்.

3. பீலித் தண்ணீரையும் கிணற்று நீரையும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

4. விதைப்புக்கும் அறுவடைக்கும் முன்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். ஆபத்து அதிகமுள்ளோருக்கு வாரம் ஒருமுறை டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கப்படுகிறது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் வைத்தியர் சொல்லாமல் அதை எடுக்கக் கூடாது.

5. சேற்றில் வேலை செய்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பனடோல் போட்டுக்கொண்டு மறுநாளும் வயலுக்குப் போவதில்தான் உயிராபத்து இருக்கிறது. சிறுநீர் குறைவதும் கண் மஞ்சளாவதும் சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்பட்டதைக் காட்டும்.

6. "நான் சேற்றில் வேலை செய்தேன்" என்று வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். தொடக்கத்தில் இது டெங்குக் காய்ச்சல் போலவே இருக்கும். உங்கள் அந்த ஒரு சொல் சரியான மருந்தை நேரத்தோடு பெற்றுத்தரும்.

ஒரு நாட்கூலி போய்விடுமே என்று காய்ச்சலை மறைக்கும் தாய் தந்தையர் நம்மிடையே உண்டு. அந்தக் கூலியை நாளை உழைத்துக்கொள்ளலாம். அயலவர் ஒருவர் காய்ச்சலோடு வேலைக்கு வருவதைக் கண்டால், அவருடைய வேலையைப் பகிர்ந்துகொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது நம் அனைவரின் கடமை.

குழுவில் கலந்துரையாடுவோம்

• நம் குடியிருப்பில் தண்ணீர் தேங்கும் இடங்கள் எவை? எந்தக் கானை முதலில் சிரமதானத்தில் துப்புரவு செய்யலாம்?

• சப்பாத்து வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்குச் சங்கம் எவ்வாறு உதவலாம்?

• கடந்த போகத்தில் யாருக்காவது இத்தகைய காய்ச்சல் வந்ததா? எத்தனையாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்?