பசை பூசும் முன் அளந்து பாருங்கள்: ஆஸ்திரேலியாவில் பார்க்கே தரைத் தொழில்

ஒட்டிப் போட்ட மரத்தரை ஆறு மாதத்தில் மேலெழும்பிவிட்டால் வீட்டுக்காரர் கடைக்காரரைக் கேட்பார். கடைக்காரர் பசையின் மேல் பழி போடுவார். பசை நிறுவனம் தன் தகவல் தாளை எடுத்து நீட்டும். கடைசியில் பதில் சொல்லவேண்டியவர் தரை போட்டவர்தான். அப்போது அவரைக் காப்பாற்றுவது, காங்கிரீட்டிலும் மரத்திலும் எவ்வளவு ஈரம் இருந்தது என்று பசை பூசுவதற்கு முன்பே தேதி போட்டு எழுதி வைத்த ஒரு தாள்.

சிறு மரக்கட்டைகளை வடிவமாக ஒட்டும் இந்தப் பார்க்கே தொழிலில் சிட்னியிலும் மெல்போர்னிலும் இறங்க நினைக்கும் தமிழர்களுக்கு இது முதல் பாடம். மீன்முள் வடிவத்தைப் பிசகாமல் அடுக்கக் கை பழகிவிடும். ஈரத்தை அளந்து, போதாதென்றால் “இன்னும் பொறுங்கள்” என்று சொல்லும் உறுதி வந்தால்தான் தொழிலில் பெயர் நிற்கும்.

உள்ளே நுழையும் வழி

கட்டுமானத் தளத்தில் கால் வைக்க ‘ஒயிட் கார்டு’ வேண்டும். ஒரு நாளில் முடிந்துவிடும் பாதுகாப்புப் பயிற்சி இது. அடுத்தது தரைத் தொழில்நுட்பத்தில் மூன்றாம் நிலைச் சான்றிதழ், அதாவது ‘சர்ட்டிஃபிகேட் த்ரீ’. தொழில் பழகுநராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே படிப்பதுதான் வழக்கமான பாதை. ஊரிலோ வளைகுடாவிலோ தச்சு வேலை, டைல்ஸ் வேலை செய்து வந்தவர்கள் முன்னனுபவ மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ரசமட்டமும் மூலைமட்டமும் பிடித்துப் பழகிய கைக்கு அங்கே மதிப்பு உண்டு. செய்த வேலைகளின் படங்களையும் முதலாளிகளின் கடிதங்களையும் சேர்த்து வையுங்கள்.

சம்பள விஷயத்தில் கவனம் தேவை. தொழிலாளியாக வேலை செய்தால், 2025 ஜூலை 1 முதல் முதலாளி 12 சதவீதம் ஓய்வூதிய நிதியில் செலுத்தவேண்டும். நேரத்தையும் வேலையையும் அவரே முடிவு செய்துகொண்டு, உங்களை மட்டும் ஏபிஎன் என்ற ஆஸ்திரேலிய வணிக எண் எடுத்துவரச் சொல்வது பல நேரங்களில் போலி ஒப்பந்தம். அது சட்டத்துக்குப் புறம்பானது. சந்தேகம் வந்தால் தொழிலாளர் உரிமைகளைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தைக் கேளுங்கள். தமிழில் பேசவேண்டுமென்றால் 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது.

தனியாகத் தொழில் தொடங்கினால், ஆண்டு விற்றுமுதல் 75,000 டாலரைத் தொடும்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நியூ சவுத் வேல்ஸில் 5,000 டாலருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டுமான வேலைக்கு உரிமம் வேண்டும். தரையின் மேலடுக்கை மட்டும் போடுவதும் அடியிலுள்ள மரச்சட்டங்களை மாற்றுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. எனவே, விலை சொல்வதற்கு முன் மாநிலக் கட்டட ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த மரம்?

வாடிக்கையாளர் முதலில் நிறத்தைப் பார்ப்பார். நீங்கள் கட்டமைப்பைப் பாருங்கள். முழுமரப் பார்க்கே கட்டைகள் ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் 260 மி.மீ. நீளம், 65 மி.மீ. அகலத்தில் வருகின்றன. நான்கு கட்டைகளைப் பக்கவாட்டில் சேர்த்தால் சரியான சதுரம். பாய்முடைச்சல் வடிவம் இதனால்தான் துல்லியமாகப் பொருந்துகிறது. தடிமன் 14 அல்லது 19 மி.மீ. இருக்கும். முழுமரத்தைப் பல முறை தேய்த்துப் புதுப்பிக்கலாம். ஆனால், ஈரம் கூடக் குறைய அது நன்றாகவே விரியும், சுருங்கும்.

அடுக்குமரம் வேறு வகை. ஒட்டுப்பலகையின் மேல் நல்ல மரத்தின் மேலடுக்கு மட்டும் 2 முதல் 6 மி.மீ. வரை இருக்கும். இது அசைவது குறைவு. மேலடுக்கு 2 மி.மீ. என்றால் மறுதேய்ப்பை நம்பவேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கடினத்தை ஜங்கா அளவில் சொல்வார்கள். 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி வரை மரத்தில் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே அந்த அளவு. ஸ்பாட்டட் கம் சுமார் 11 கிலோநியூட்டன், பிளாக்பட் சுமார் 9, ஜாரா 8.5, மெஸ்மேட் சுமார் 7, டாஸ்மேனியன் ஓக் சுமார் 5.5. நாயும் குழந்தைகளும் ஓடியாடும் வீட்டுக்கு ஸ்பாட்டட் கம் பொருத்தம். அதே நேரம், அடர்ந்த மரம் விரியும்போது அதிக விசையோடு தள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது. கடினமான மரத்துக்கு ஈரக் கட்டுப்பாடு இன்னும் கண்டிப்பாக வேண்டும்.

இருப்பையும் விசாரியுங்கள். விக்டோரியா மாநிலம் தன் அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை 2024 ஜனவரி 1 அன்று நிறுத்தியது. எனவே, முன்பு எளிதில் கிடைத்த விக்டோரிய மரத்தைக் காட்டி விலைப்புள்ளி கொடுக்கும் முன், முழு அளவும் ஒரே தரத்தில் கிடைக்குமா என்று கடையில் கேட்டு உறுதி செய்யுங்கள். மீன்முள் வடிவத்துக்கு வெட்டுச் சேதம் அதிகம். 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக வாங்குவது வழக்கம்.

ஈரம்

வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. காங்கிரீட் மேலே காய்ந்து வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். 25 மி.மீ. தடிமன் காய ஒரு மாதம் என்பது தொழிலில் பழகிய தோராயக் கணக்கு, 100 மி.மீ. தளத்துக்கு நான்கு மாதம். ஆனால், மழையில் நனைந்த தளத்துக்கும் மூடி வைத்த வீட்டுக்கும் இந்தக் கணக்கு உதவாது. நாள்காட்டியை வைத்து ஒட்டாதீர்கள், கருவியை வைத்து ஒட்டுங்கள்.

நம்பகமான முறை, தளத்தின் உள்ளே ஈரப்பதத்தை அளப்பது. ஒரு பக்கம் மட்டும் காயும் தளத்தில், தடிமனில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு உணர்வியை வைத்து மூடிவிடவேண்டும். அது நிலைப்பட்ட பிறகு வரும் அளவை, வாங்கிய பசையின் தகவல் தாளில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். வரம்பைத் தாண்டினால் இரண்டே வழி: காத்திருப்பது, அல்லது பசையோடு ஒத்துப்போகும் எபாக்ஸி ஈரத்தடுப்பை முறைப்படி பூசுவது. தண்ணீர்க் குழாய் கசிந்தோ வெளிச்சுவரிலிருந்தோ ஈரம் வந்துகொண்டே இருந்தால், முதலில் அதை நிறுத்தவேண்டும்.

மரத்தையும் அளக்கவேண்டும். ஆஸ்திரேலியத் தரநிலை ஏஎஸ் 2796-இன்படி கடினமரத் தரைப்பலகையின் ஈரம் 9 முதல் 14 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். ஈரமானியில் மர இனத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்பத் திருத்தம் செய்யாமல் எண்ணை எழுதாதீர்கள்.

ஊரின் வானிலையும் கணக்கில் வரும். சிட்னியின் கடற்கரைப் பகுதிகளில் காற்றில் ஈரம் கூடுதல். மெல்போர்னில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடி அறைக்காற்றை உலர்த்தும். கோடையும் கொடியது: மெல்போர்ன் 2009 பிப்ரவரி 7 அன்று 46.4 டிகிரியையும், மேற்கு சிட்னியின் பென்ரித் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரியையும் கண்டவை. இப்படிப்பட்ட நாட்களில் மூடிய வீட்டுக்குள் மரம் சுருங்கி இடைவெளி விடும். குடியிருப்பவர்கள் வீட்டை எப்படிக் குளிரூட்டி, சூடாக்கி வைப்பார்கள் என்று கேட்டு, அந்த நிலையிலேயே மரத்தைச் சில நாட்கள் பழக விடுங்கள். பூச்சு வேலையும் பெயிண்ட் வேலையும் முடியாத வீட்டுக்குள் மரத்தை இறக்கவே கூடாது.

தளம், கோடு, பசை

1. 1.5 மீட்டர் நேர்ச்சட்டத்தைத் தளத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால், மேட்டைத் தேய்த்து, பள்ளத்தைச் சமன்படுத்தும் கலவையால் நிரப்புங்கள்.

2. பழைய பசை, பெயிண்ட், தூசி எல்லாம் போகவேண்டும். பசை தூசியில் ஒட்டினால் தூசியோடு பெயர்ந்து வரும்.

3. சுவரை நம்பாதீர்கள். அறையின் நடுக்கோட்டிலிருந்து தொடங்குங்கள். செங்கோணம் சரியா என்று 3-4-5 கணக்கால் சோதியுங்கள்: ஒரு கோட்டில் 3 மீட்டர், மற்றதில் 4 மீட்டர் குறித்தால், குறுக்கே சரியாக 5 மீட்டர் வரவேண்டும். மீன்முள் வடிவத்தில் தொடக்கத்தில் விட்ட ஒரு மி.மீ. பிசகு அறையின் கோடியில் ஊருக்கே தெரியும்.

4. நான்கைந்து பெட்டிகளைப் பிரித்து, நிறம் கலந்து அடுக்குங்கள்.

5. பசை நிறுவனம் சொன்ன அளவிலான பல்வெட்டுக் கரணையைத்தான் பயன்படுத்தவேண்டும். பல் தேய்ந்தால் பசையின் அளவு குறையும். மேல் ஆடை கட்டுவதற்குள் ஒட்டி முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டும் பசையைப் பரப்புங்கள்.

6. அவ்வப்போது ஒரு கட்டையைப் பெயர்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பசை முழுக்கப் பதியாமல் கோடுகோடாக நின்றால், அந்த இடம் பிறகு வெற்றொலி எழுப்பும்.

7. சுவரோரம் குறைந்தது 10 மி.மீ. விரிவு இடைவெளி விடுங்கள். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். வாசல்களிலும் நிலையான தூண்களைச் சுற்றியும் கார்க் பட்டை வையுங்கள்.

8. பூச்சில்லாத முழுமரமென்றால், பசை முற்றும்வரை ஒன்றிரண்டு வாரம் காத்திருந்து பிறகு தேயுங்கள். கரடான உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக மென்மைக்குப் போகவேண்டும். ஒரு படியைத் தாண்டினால் கீறல்கள் பூச்சில் தெளிவாகத் தெரியும்.

பூச்சில் நீர்சார் பாலியூரித்தேன் நிறத்தை அதிகம் மாற்றாது, சீக்கிரம் காயும். கரைப்பான் சார்ந்தது காலப்போக்கில் மஞ்சளாகும். மெழுகெண்ணெய்ப் பூச்சில் கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஆனால், பராமரிப்பு கூடுதல்.

அடுக்குமாடி வீடென்றால்

சிட்னியின் ஹோம்புஷ், வெஸ்ட்மீட் போன்ற இடங்களில் வேலை பெரும்பாலும் அடுக்குமாடிகளில் வரும். நியூ சவுத் வேல்ஸின் 2015 ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) சட்டப்படி, மரத்தரை போடுவது ‘சிறு புதுப்பிப்பு’. அதற்கு உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். மெல்போர்னிலும் அந்தந்தக் கட்டடத்தின் விதிகளைப் பார்க்கவேண்டும். ஒப்புதல் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் கம்பளத்தைப் பிரிக்காதீர்கள்.

சண்டை வருவது காலடி ஓசையால். தேசியக் கட்டுமான விதித்தொகுப்பு வீடுகளுக்கு இடைப்பட்ட தரையின் தட்டொலி அளவுக்கு 62 என்ற உச்ச வரம்பை வைத்திருக்கிறது. இந்த அளவில் எண் குறைந்தால் அமைதி கூடும். பல கட்டடங்கள் இதைவிடக் கண்டிப்பான அளவு கேட்கின்றன. தளத்தில் ரப்பர் விரிப்பை ஒட்டி, அதன்மேல் பார்க்கேயை ஒட்டும் இரட்டை ஒட்டு முறை இதற்காகத்தான். விரிப்பு, பசை, மரம் மூன்றும் சேர்ந்த அமைப்பின் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் உடம்பு

காங்கிரீட்டைத் தேய்க்கும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலை மீளமுடியாதபடி கெடுக்கும். எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம்தான் அனுமதி. 2024 செப்டம்பர் 1 முதல் விதிகள் இன்னும் இறுகிவிட்டன. தூசி உறிஞ்சியோடு இணைந்த இயந்திரமும் முகத்தில் சரியாகப் பொருந்தும் முகக்கவசமும் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

பழைய வினைல் ஓடுகளிலும் அவற்றின் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆஸ்திரேலியா அதை முழுமையாகத் தடை செய்தது 2003 டிசம்பர் 31 அன்றுதான். பழைய கட்டடமென்றால், சோதனை முடிவு வரும்வரை சுரண்டவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். மரத்தூசியும் லேசுப்பட்டதல்ல, உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவதென வகைப்படுத்தியிருக்கிறது.

எண்ணெய் துடைத்த துணியைக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். நனைத்து, மூடியுள்ள உலோகக் கலத்தில் போடுங்கள். தேய்ப்பு இயந்திரத்தின் தூசிப்பையையும் அன்றன்றே வெளியேற்றுங்கள். முழங்கால் கவசம் முதல் நாளிலிருந்தே வேண்டும். வலி வந்த பிறகு வாங்குவதால் பயனில்லை.

எழுத்தில் வையுங்கள்

விலைப்புள்ளியில் மர இனம், தரம், தடிமன், பசையின் பெயர், தளம் சமன்படுத்தும் செலவு, ஈரத்தடுப்புச் செலவு என ஒவ்வொன்றையும் தனியாகக் காட்டுங்கள். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணைச் சொல்பவர், தளம் ஈரமாக இருப்பது தெரிந்த பிறகு கூடுதல் பணம் கேட்கத் தயங்கி, ஈரத்தின் மேலேயே ஒட்டிவிடுவார். அங்கிருந்துதான் இழப்பு தொடங்குகிறது. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்யப்படவேண்டும் என்கிறது. “வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார்” என்பது தீர்ப்பாயத்தில் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ணவேண்டாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் சம்பாத்தியத்தில் விலையுயர்ந்த வெட்டும் இயந்திரம் வாங்குவதற்கு முன் நல்ல ஈரமானி ஒன்றை வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டிலும் அளந்து, படமெடுத்து, தேதியோடு எழுதி, ஒரு பிரதியை வாடிக்கையாளரிடம் கொடுங்கள். அளவு சரியில்லாத தளத்தில், யார் எவ்வளவு வற்புறுத்தினாலும், பசை டப்பாவைத் திறக்காதீர்கள்.